எளிமையைத் தவிர கக்கனைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

கேள்வி: "பத்து வருடம் அமைச்சராக இருந்தும் சொத்து சேர்க்காதவர் என்பதைத் தவிர, கக்கனைப் பற்றிச் சொல்ல வேறு என்ன இருக்கிறது? அரசியலில் அவர் உண்மையில் என்னதான் செய்தார்?"

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று ரொம்ப நாளாக இருந்தேன். நான் மேலூர்ப் பக்கத்துக்காரன். கக்கன் பிறந்த தும்பைப்பட்டி எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. மதுரையிலிருந்து திருச்சி போகும் நாலுவழிச் சாலையில் மேலூர் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். அங்கே அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது.

தேர்தல் வந்தால் போதும், வாட்ஸ்அப்பில் ஒரே கதை சுற்ற ஆரம்பித்துவிடும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் பொது வார்டில் கக்கன் கிடந்தார், அங்கே சிகிச்சையில் இருந்த அரசியல்வாதி மதுரை முத்துவைப் பார்க்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவரைக் கண்டு கலங்கிப் போய் உதவிக்கு ஏற்பாடு செய்தார் என்று. நடந்ததுதான். 1981 டிசம்பர் 23 அன்று அவர் இறக்கும்போதும் பெரிதாக எதுவும் கையில் இல்லை. அதைச் சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எழுபது வருடத்துக்கு மேல் வாழ்ந்த ஒரு மனிதரின் கடைசிக் காலத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறோம். காமராஜரைப் பற்றிப் பேசும்போது அணை, பள்ளிக்கூடம், மதிய உணவு எல்லாம் வருகிறது. கக்கன் என்றால் மட்டும் ஆஸ்பத்திரிக் கட்டில். இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சரி, முதலிலிருந்து வருகிறேன். 1908 ஜூன் 18-ல் பிறந்தவர். அப்பா ஊர்க் கோயில் பூசாரி. சாமிக்குப் பூசை வைக்கிறவர் வீட்டுப் பிள்ளைதான், ஆனாலும் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் கால் வைக்க முடியாது. பறையர் என்பதுதான் காரணம். இளம் வயதிலேயே காங்கிரசுக்கு வந்து, தீண்டாமை ஒழிப்புக்காக காந்தி தொடங்கிய ஹரிஜன சேவா சங்கத்தில், மதுரைக் காங்கிரஸ் தலைவர் அ.வைத்தியநாத ஐயரோடு சேர்ந்தார். மேலூர் சுற்றுப்பட்டுச் சேரிகளில் இரவுப் பள்ளி நடத்துவதுதான் அப்போது அவருக்கு முக்கிய வேலை. பகலெல்லாம் வயலில் நின்றுவிட்டு வரும் பிள்ளைகளை உட்கார வைத்து, விளக்கு வெளிச்சத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் பள்ளிக்கூடங்கள் அவை. என் தாத்தா அந்தக் காலத்து இரவுப் பள்ளி ஒன்றில்தான் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். ரேஷன் கடையில் எல்லோரும் கட்டைவிரலை மையில் வைக்கும்போது இவர் மட்டும் பேனா கேட்பாராம். பாட்டி அதைச் சொல்லும்போதெல்லாம் தாத்தா நிமிர்ந்து உட்காருவார்.

அப்புறம் 1939 ஜூலை 8. என்னைக் கேட்டால் கக்கனின் வாழ்க்கையில் முதலில் சொல்ல வேண்டிய நாள் இதுதான். அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்ட சமூகத்தவர் ஐந்து பேரும், நாடார் சமூகத்திலிருந்து ஒருவரும் மீனாட்சி கோயிலுக்குள் போனார்கள். ஐவரில் ஒருவர் கக்கன். கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்த ஆர்.எஸ்.நாயுடு அவர்களை வரவேற்றார். அதோடு முடியவில்லை. கோயில் அர்ச்சகர்களான பட்டர்களில் ஒரு பகுதியினர் பூசை செய்ய மறுத்தார்கள், சன்னிதியைப் பூட்டினார்கள், நாயுடு திறக்க வைத்தார், வழக்குகள் வந்தன. உள்ளே போனவர்களுக்கும் போக விட்டவர்களுக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று ராஜாஜி அரசு அவசரச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. கோயிலுக்குள் நடப்பதற்கு அவசரச் சட்டம்! ஐயருக்குச் சொந்த சமூகத்துக்குள் வந்த எதிர்ப்பு பெரியது, அதை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டாம். ஆனால் உள்ளே போய்விட்டு அன்று ராத்திரி சேரிக்குத் திரும்ப வேண்டியவர்கள் யார் என்றும் யோசித்துப் பாருங்கள். ஏதாவது நடந்தால் முதல் அடி அங்கேதான் விழும். 1955-ல் ஐயர் இறந்தபோது, பெற்ற பிள்ளைகளோடு கக்கனும் மொட்டை போட்டுக்கொண்டு நின்றார் என்று மதுரையில் இன்றைக்கும் பெரியவர்கள் சொல்வார்கள்.

இதை எழுதும்போது மேலவளவு ஞாபகம் வருகிறது. அதுவும் மேலூர் தாலுகாதான். தலித்துகளுக்கான தனித்தொகுதியான ஊராட்சிக்குத் தலைவராக வந்தார் என்பதற்காக முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கக்கன் கோயிலுக்குள் போய் ஐம்பத்தெட்டு வருடம் கழித்து, அவருடைய சொந்தத் தாலுகாவில் நடந்தது இது. அவர் நடந்தது எப்பேர்ப்பட்ட மண் என்று தெரியாவிட்டால் அந்த 1939-ஐ யாருக்கும் விளங்க வைக்க முடியாது.

நடுவில் இருக்கும் பதவிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1942 போராட்டத்தில் சிறை. அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். 1952 முதல் 57 வரை மதுரையிலிருந்து மக்களவை. காமராஜர் முதலமைச்சரான பிறகு தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர். இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுச் சும்மா கடந்து போகாதீர்கள். காமராஜர் பல வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலி அது. எளிமையாக இருக்கிறார் என்பதற்காக மட்டும் யாரும் அதைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். கட்சி வேலை தெரிந்தவர், ஊர் ஊராக ஆள் தெரிந்தவர்.

1957-ல் மேலூரில் ஜெயித்து காமராஜர் அமைச்சரவைக்கு வந்தார். பொதுப்பணித் துறை, கூடவே ஆதிதிராவிடர் நலம். இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். "மேட்டூர் அணையைக் கட்டியவர் கக்கன்" என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது, அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. இல்லாததைச் சேர்த்தால் இருப்பதையும் யாரும் நம்ப மாட்டார்கள். இருப்பதே போதுமான அளவு இருக்கிறது. சாத்தனூர், மணிமுத்தாறு, வைகை என்று காமராஜர் காலத்து அணைகள் வரிசையாக முடிந்து திறக்கப்பட்ட வருடங்களில் பொதுப்பணித் துறை அவர் கையில் இருந்தது. இவற்றில் பல அவருக்கு முன்பே தொடங்கியவை. ஆனால் அணை என்பது தொடங்குவதிலேயே முடிந்துவிடாது. பணம், நிலம், ஆள், சிமெண்ட் என்று கடைசிவரை ஒருவர் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் வாய்க்காலுக்கு வரும்.

வைகை அணை 1959 ஜனவரியில் திறக்கப்பட்டது. மேலூர்க்காரனுக்கு அது என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து பெரியாறு பிரதானக் கால்வாயில் எங்கள் பக்கம் வருகிறது. கள்ளந்திரி வரை இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம்தான், நாங்கள் கடைமடை, அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். 1895-லிருந்து பெரியாற்றுத் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வருகிறபோது வாங்கிக்கொள்ள வேண்டும், தேக்கி வைத்து வேண்டும்போது திறந்துவிட நடுவில் ஒரு பெரிய தொட்டி இல்லை. அந்தத் தொட்டிதான் வைகை அணை. முழு நீர்மட்டம் 71 அடி. எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேப்பர் வந்தால் முதலில் பார்ப்பது அணை எத்தனை அடி என்றுதான். தாத்தா கண் மங்கின பிறகும் என்னைக் கூப்பிட்டு, "வைகை எவ்வளவுடா?" என்பார். அறுபதுக்கு மேல் சொன்னால் மம்பட்டியைத் தேடுவார். சொந்தத் தொகுதி கடைமடையாக இருக்கிற ஒருவர் தண்ணீர்த் துறைக்கு அமைச்சராக இருந்தது எங்கள் ஊர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த மம்பட்டியைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

1962-ல் சமயநல்லூரில் ஜெயித்து வேளாண்மைத் துறைக்குப் போனார். 1963 அக்டோபரில், காமராஜர் விலகி பக்தவத்சலம் முதலமைச்சரானதும், கக்கன் உள்துறை அமைச்சர். சேரிக்குள் போலீஸ் நுழைந்தால் ஓடி ஒளிந்த ஒரு சமூகத்திலிருந்து வந்தவர், மாநிலத்தின் உள்துறைக்கே அமைச்சராகிறார். லஞ்ச ஒழிப்புத் துறை 1964-ல் உருவானதும் அவர் உள்துறையில் இருந்த காலத்தில்தான்.

ஆனால் 1965-ம் அவர் காலத்தில்தான் வந்தது. இதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழி என்றிருந்த நிலையில், முந்தின நாள் மதுரையில் மாணவர் ஊர்வலம் காங்கிரஸ் அலுவலகம் அருகே மோதலாகி, அங்கிருந்து மாநிலம் முழுக்கப் பற்றிக்கொண்டது. ஊர் ஊராகத் துப்பாக்கிச் சூடு. அரசுக் கணக்குப்படியே ஏறக்குறைய 70 பேர் செத்தார்கள். டெல்லியில் மத்திய அமைச்சர்களாக இருந்த சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் பிப்ரவரியில் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். இங்கே உள்துறை அமைச்சர் கொடுக்கவில்லை. கடைசி முடிவுகள் முதலமைச்சருடையவை என்று சொல்லலாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் துறை கக்கனுடையது. அந்த மாணவர்களின் ரத்தத்துக்கு அவரும் பதில் சொல்ல வேண்டியவர்தான். அவரை நேசிக்கிறேன் என்பதால் இதை மறைக்க எனக்கு மனமில்லை. ஏழையாகச் செத்தார் என்ற ஒன்றைக் காட்டி இதைக் கழித்துவிடுவதும் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

1967-ல் மக்கள் கணக்குத் தீர்த்தார்கள். இந்தி மட்டுமில்லை, அரிசியும். ரேஷன் கடை வாசலில் விடிய விடிய வரிசை. "ரூபாய்க்கு மூன்று படி" என்று தி.மு.க. சொன்னது காதில் தேனாக விழுந்த காலம். விருதுநகரில் காமராஜர் தோற்றார், பக்தவத்சலம் தோற்றார். மேலூர் தெற்கில் கக்கன் தி.மு.க.வின் ஓ.பி.ராமனிடம் தோற்றார்.

அந்தத் தேர்தலில் என் தாத்தா உதயசூரியனுக்குத்தான் போட்டார். வைகைத் தண்ணீரில் நெல் விளைவித்தவர், இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்றவர், கக்கன் படம் வீட்டில் மாட்டியிருந்தவர். கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் நேராகவே கேட்டேன், "ஏன் தாத்தா அவருக்குப் போடல?" என்று.

"வீட்ல அரிசி இல்லப்பா. அதான் போடல" என்றார்.

"அப்ப படத்த ஏன் கழட்டல?"

"அரிசி வேற, அது வேற" என்று சொல்லிவிட்டு மடையைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். அந்தப் படம் இன்னும் அதே ஆணியில்தான் இருக்கிறது.