மூளைக் கட்டியும் மின்சாரமும்: வாசகர் கேள்விகள்

பதில் சொல்பவர், ஆபரேஷன் தியேட்டரில் மூளையின் மின்செயல்பாட்டைக் கண்காணிக்கும் நரம்பியல் மருத்துவர்.

கேள்வி: என் கணவருக்கு மூளையின் இடது பக்கம் கட்டி. முழு மயக்கம் கொடுக்காமல், பேச வைத்துக்கொண்டே ஆபரேஷன் செய்யப்போகிறார்களாம். கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. வலியில் துடிக்க மாட்டாரா?

பதில்: துடிக்க மாட்டார், அம்மா. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. வலிப்பதெல்லாம் தலைத்தோலும் மூளையைப் போர்த்தியிருக்கும் உறையும்தான். அவற்றை மரத்துப்போக வைத்துவிடுவார்கள். மண்டை ஓட்டைத் திறக்கும்போது பெரும்பாலும் தூங்க வைத்திருப்பார்கள். கட்டியை எடுக்க வேண்டிய கட்டம் வரும்போதுதான் எழுப்புவார்கள்.

எழுப்புவதற்குக் காரணம் உண்டு. பேச்சுக்குரிய இடம் ஆளுக்கு ஆள் மாறும். கட்டி மெதுவாக வளரும்போது பேச்சுக்குரிய அந்த இடம் இன்னும் நகர்ந்திருக்கலாம். ஸ்கேனை மட்டும் நம்பிக் கத்தி வைக்க முடியாது. அதனால் சர்ஜன், இரட்டை முனையுள்ள ஒரு கருவியால் சில மில்லி ஆம்பியர் மின்சாரத்தை மூளையின் மேல் புள்ளி புள்ளியாகச் செலுத்துவார். அதே நேரத்தில் உங்கள் கணவருக்கு ஒவ்வொரு படமாகக் காட்டுவோம். ‘இது ஒரு குடை’ என்று முழுதாகச் சொல்ல வேண்டும். ‘இது ஒரு...’ வரை வந்து பெயர் மட்டும் வரவில்லை என்றால், சொல்லைத் தேடி எடுக்கும் வேலை அங்கே நடக்கிறது. ஒரு வார்த்தையும் வராமல் பேச்சே நின்றால், பேசும் செயலே அந்த இடத்தைச் சார்ந்திருக்கிறது. இரண்டையும் பிரித்தறியத்தான் அந்த முழு வாக்கியம். அதே புள்ளியைத் திரும்பவும் சோதித்து உறுதியானால், எண் எழுதிய குட்டிச் சீட்டு ஒன்றை அங்கே வைப்பார் சர்ஜன். கருவியை எடுத்ததும் பேச்சு திரும்பிவிடும்.

நான் அப்போது திரையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மூளை அலைகள் கூர்கூராகத் துள்ளினால், வலிப்பு வரப்பார்க்கிறது என்று அர்த்தம். குரல் கொடுப்பேன், குளிர்ந்த சலைனை மூளையின் மேல் ஊற்றுவார்கள். பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும்.

இது புதிதாகச் செய்து பார்க்கும் பரிசோதனை அல்ல. கனடாவின் மான்ட்ரியலில் மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு இப்படி விழித்திருந்தவர்களின் மூளையைத் தூண்டிப் பார்த்து, கை, நாக்கு, முகம் எல்லாம் மூளையில் எங்கெங்கே என்று 1937-லேயே எட்வின் போல்ட்ரியுடன் சேர்ந்து எழுதிவிட்டார்.

உங்கள் கணவர் அன்றாடம் எந்தெந்த மொழி பேசுகிறார் என்பதை மருத்துவக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஒவ்வொரு மொழியையும் தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: என் தம்பிக்குத் திடீரென்று வலிப்பு வந்தது. ஸ்கேனில் கிளையோமா என்றார்கள். கட்டி இருந்தால் வலிப்பு ஏன் வருகிறது?

பதில்: கட்டி பக்கத்தில் உள்ளதை அழுத்துவதால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதிக் கதை. கிளையோமா என்பது மூளையில் நரம்பு செல்களுக்குத் துணையாக இருக்கும் செல்களின் வகையைச் சேர்ந்த கட்டி. அதன் செல்கள் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை வெளியே கொட்டுகின்றன. நரம்பு செல்களை உசுப்பிவிடும் பொருள் அது. அளவு மீறினால் சுற்றியிருக்கும் நரம்புகள் கட்டுக்கடங்காமல் சேர்ந்து துடிக்கும். அதுதான் வலிப்பு.

என் துறையில் என்னை அதிகம் உலுக்கிய செய்தி 2019-ல் வந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் மாஞ்சே குழுவும், ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ஃபிராங்க் விங்க்ளர், தாமஸ் குனர் குழுவும் தனித்தனியே ஒன்றைக் காட்டின: நரம்பு செல்கள் கட்டியின் செல்களோடு உண்மையான சினாப்ஸ் இணைப்புகளை, அதாவது ஒரு நரம்பு செல் இன்னொன்றுக்குச் சேதி கடத்தும் சந்திப்புகளை, ஏற்படுத்துகின்றன. நரம்பு பேசினால் கட்டி கேட்கிறது, கேட்டு வளர்கிறது. ஆக, கட்டி உசுப்பிய நரம்புகளே கட்டியை வளர்த்தும் விடுகின்றன. இந்தப் பேச்சைத் துண்டித்தால் கட்டியின் வேகம் குறையுமா என்று, குளூட்டமேட்டைத் தடுக்கும் பெராம்பனெல் போன்ற வலிப்பு மருந்துகளை வைத்து ஆராய்கிறார்கள். அதற்காக யாரும் தானாக மருந்தை மாற்றக் கூடாது. தம்பிக்கு இப்போது தரும் வலிப்பு மாத்திரை வலிப்பைத் தடுப்பதற்கு. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.

கேள்வி: தலைவலிக்கு ஈஈஜி எடுத்தார்கள், நார்மல். கட்டி இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: ஈஈஜி என்பது தலையில் ஒட்டும் மின்முனைகளால் மூளை அலைகளைப் பதிவு செய்யும் சோதனை. அதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. 1936-ல் மூளை அலை ஆய்வாளர் கிரே வால்டர், மெதுவான அலைகளைப் பின்தொடர்ந்து கட்டி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். ஸ்கேன் இல்லாத காலத்தில் அது பெரிய காரியம். இன்று கட்டியைப் பார்க்க எம்ஆர்ஐதான். எல்லாத் தலைவலிக்கும் அது தேவையில்லை. காலையில் எழும்போதே வலித்து, வாந்தியும் வந்து, நாளுக்கு நாள் கூடினால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அப்பாவின் கட்டியை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று கையெழுத்து கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள் என்றே சொல்வேன். வெளியே எடுத்த திசுவில் நோயறிதலுக்கு வேண்டியது போக மிச்சத்தைத்தான் கேட்கிறார்கள். மேலே சொன்ன சினாப்ஸ் விஷயமே நோயாளிகள் தந்த திசுவின் உதவியோடுதான் தெரியவந்தது. கையெழுத்துக்கு முன், பெயரை நீக்கித்தான் பாதுகாப்பார்களா, நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கிறதா என்று கேளுங்கள். அப்பா தெளிவாக இருந்தால் முடிவு அவருடையது. அவரிடம் கேட்காமல் நீங்கள் கையெழுத்திட வேண்டாம். அவர் மறுத்தாலும் சிகிச்சையில் ஒரு குறையும் வைக்கக் கூடாது என்பதுதான் விதி.