அம்மாவின் அட்டையில் வைக்காத ஸ்டென்ட்

கேள்வி: நெஞ்சு வலி என்று 61 வயதான என் அம்மாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அங்கே பணிபுரியும் ஒருவர், "முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதல்லவா, ஏன் இங்கே காத்திருக்கிறீர்கள்?" என்று ஒரு தனியார் மருத்துவமனைக்கு அனுப்பினார். அவருக்குக் கமிஷன் உண்டு என்று பிறகு தெரிந்தது. ஆஞ்சியோ எடுத்து, அடைப்பு இல்லை என்று மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரசீது தராமல் 15,000 ரூபாயும் வாங்கிக்கொண்டார்கள். இப்போது வேறு சிகிச்சைக்குப் போனால், ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழல்) வைத்ததாக அட்டையில் பணம் கழிந்திருக்கிறது. கேட்டதற்கு, "15,000-ஐத் தந்துவிடுகிறோம், புகார் இல்லை என்று எழுதிக் கொடுங்கள்" என்கிறார்கள். அம்மா பல தாள்களில் கைரேகை வைத்திருக்கிறார். நாங்களும் மாட்டிக்கொள்வோமா?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் மோசடிக் குற்றம். இன்னதென்று சொல்லாமல் வாங்கிய கைரேகை உங்கள் அம்மாவைக் குற்றவாளி ஆக்காது. ஆனால் "புகார் இல்லை" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மோசம் போனது அரசுப் பணமும்தான். அதை மன்னித்து முடித்துவைக்க உங்கள் கையெழுத்துக்கு அதிகாரம் இல்லை. பின்னாளில் உங்கள் வாக்குமூலத்தைச் சந்தேகிக்க மட்டுமே அந்தத் தாள் பயன்படும்.

வழக்குக்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இதயநோய்ப் பிரிவில் அம்மாவைக் காட்டி, ஸ்டென்ட் இருக்கிறதா இல்லையா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ஒருவேளை உண்மையிலேயே வைத்திருந்தால், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்காமல் இருப்பது உயிருக்கே ஆபத்து. இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது ஆவணங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்கின்றன மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள். விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) கேட்டு, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆஞ்சியோ சி.டி. இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஸ்டென்ட் வரும் பெட்டியின் மேல் வரிசை எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை உரித்து நோயாளியின் கோப்பில் ஒட்டுவது வழக்கம். உங்கள் அம்மாவின் கோப்பில் அந்த ஸ்டிக்கர் இருக்கிறதா, இருந்தால் அந்த எண் யாருக்கு வைத்த ஸ்டென்டுடையது என்பதிலேயே பாதி வழக்கு வெளிச்சமாகிவிடும்.

இவற்றோடு மாவட்ட ஆட்சியரிடமும் காப்பீட்டுத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993-லும் புகார் கொடுங்கள். செய்யாத சிகிச்சைக்குப் பணம் கேட்டது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவின்படி மோசடி; ஏழு ஆண்டு வரை சிறை. பொய்யாக ஆவணம் தயாரித்திருந்தால் 336(3)-ம் சேரும். காவல் நிலையத்தில் வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம்.

கமிஷன் விஷயத்தில், வாங்கிய கை யாருடையது என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறுகிறது. நோயாளியை அனுப்பக் கமிஷன் வாங்கும் மருத்துவர் மீது மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். வெளியாள் புரோக்கர் என்றால், மோசடிக்கு உடந்தை என்று நிரூபித்தாக வேண்டும். அமெரிக்காவில் 1972 முதலே, அரசு மருத்துவத் திட்டங்களில் நோயாளியை அனுப்பக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் தனிக் குற்றம். இன்று பத்தாண்டு வரை சிறை உண்டு. நம்மிடம் அப்படியொரு தனிச் சட்டம் இல்லாதது பெரிய குறை, ஏழைகள்தான் அதற்கு விலை கொடுக்கிறார்கள். ஆனால் உங்களை அனுப்பியவர் அரசு மருத்துவமனையில் பணிபுரிகிறவர். அவர் அரசு ஊழியர் என்றால் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு பாயும்; மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. கொடுத்த மருத்துவமனையும் தப்பாது. லஞ்ச ஒழிப்புத் துறைக்குத் தனியாக எழுதுங்கள். அவர் பேசிய நாள், நேரம், கைபேசி அழைப்புப் பதிவு எல்லாவற்றையும் சேருங்கள்.

அந்த 15,000 ரூபாய் உங்கள் பணம். வங்கிக் கணக்கில் போட்டால் பெற்றுக்கொள்ளலாம். அதற்காக எதிலும் கையெழுத்திட வேண்டாம். தராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீட்டோடு சேர்த்துக் கேளுங்கள். காப்பீடு பணம் கட்டிய சிகிச்சையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்பதாலேயே உங்கள் அம்மாவுக்கு அங்கே இலவச உதவி பெற உரிமை உண்டு. வருமானச் சான்று கேட்க மாட்டார்கள்.