விருந்தில் சொன்ன பொய்

வணக்கம் ஐயா,

எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்' பாடமாக இருக்கிறது. மெக்பெத்தின் மனைவி லேடி மெக்பெத்தை, நாடகத்தில் வரும் மூன்று சூனியக்காரிகளோடு சேர்த்து 'நாலாவது சூனியக்காரி' என்கிறார்கள். கணவனும் அவளும் சேர்ந்து திட்டமிட்ட டங்கன் அரசனின் கொலை வெளியே தெரிந்ததும் அவள் மயங்கி விழுவது நிஜமா, நடிப்பா? மனசாட்சியே இல்லாதவளுக்குக் கடைசியில் மட்டும் எப்படிச் சித்தம் கலங்குகிறது? நல்ல தமிழ் மொழிபெயர்ப்பு உண்டா?

ச.

அன்புள்ள ச.,

ஆங்கிலம் எம்.ஏ. படிக்கிறவருக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? மூலத்தைத் திறங்கள். மயக்கம் நிஜமா என்பது அந்த வேஷம் கட்டுகிற நடிகையின் பாடு. 'நாலாவது சூனியக்காரி' நோட்ஸ் போடுகிறவர்களின் கைங்கரியம். பரீட்சையில் எழுதினால் மார்க் வரும், எனக்கு எழுதாதீர்கள்.

சில நாட்களாக அந்த விருந்துக் காட்சிதான் என் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. 1611இல் குளோப் அரங்கில் நாடகம் பார்த்த சைமன் ஃபோர்மன் என்ற லண்டன் சோதிடரும் அதை மறக்காமல் குறித்துவைத்திருக்கிறார். மெக்பெத்தின் தோழனாயிருந்து கொலையுண்ட பாங்கோவின் ஆவி, இப்போது ராஜாவாகிவிட்ட மெக்பெத்தின் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறது, அவன் கண்ணுக்கு மட்டும். அவன் பிதற்ற, விருந்தினர் எழப்போகிறார்கள். லேடி மெக்பெத் சமாளிக்கிறாள்: உட்காருங்கள், அவருக்குச் சின்ன வயதிலிருந்தே இப்படி வரும், உடனே சரியாகிவிடும், உற்றுப் பார்த்தால்தான் அதிகமாகும், சாப்பிடுங்கள். நொடியில் கட்டிய பொய்யில் வியாதி, அதன் பூர்வீகம், பத்தியம் எல்லாம் இருக்கிறது!

இத்தனைக்கும் எதை மறைக்கிறோம் என்றே அவளுக்குத் தெரியாது. பாங்கோவைக் கொல்ல ஆள் வைத்ததை அவன் சொல்லவில்லை; முடிந்தபிறகு மெச்சிக்கொள் என்று மழுப்பிவிட்டான். டங்கன் கொலையின் பயம்தான் இது என்று நினைத்து, அன்றைக்கு அந்தரத்தில் தெரிந்ததாக அவன் சொன்ன கத்தியை நினைவுபடுத்தித் தனியாகத் திட்டுகிறாள். "என்ன காட்சி, அரசே?" என்று விருந்துக்கு வந்த பிரபு ராஸ் கேட்டதும்தான் பதறுகிறாள். பேச்சுக் கொடுக்காதீர்கள், யார் முன்னே யார் பின்னே என்று பார்க்காமல் கிளம்புங்கள் என்கிறாள். அவரவர் அந்தஸ்துப்படி உட்காரச் சொல்லி அவன் தொடங்கிவைத்த விருந்து!

எல்லாரும் போனபிறகு திட்டு இல்லை. யாரைக் கண்டாய் என்ற கேள்வியும் இல்லை. உங்களுக்குத் தூக்கம் போதவில்லை என்கிறாள், அவ்வளவுதான்.

ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்தபடி கை கழுவுகிறாளே, அப்போது பேச்சு டங்கனோடு நிற்கிறதா? பாங்கோ வருகிறான், மெக்பெத்தை எதிர்த்த பிரபு மக்டஃப்பின் மனைவி வருகிறாள். அந்தக் கொலைகள் அவன் தனியாகச் செய்வித்தவை. அவன் கணக்கையும் தன் கையில் வைத்துக் கழுவுகிறவளைப் போய் மனசாட்சி இல்லாதவள் என்கிறீர்களே அம்மா! பக்கத்தில் நின்று வைத்தியர் ஒவ்வொரு வார்த்தையையும் எழுதிக்கொள்கிறார். விருந்தில் அவ்வளவு சாமர்த்தியமாக மறைத்தவளுக்கு அதுகூடத் தெரியவில்லை. இந்த இரண்டு காட்சிகளையும் வாய்விட்டுப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். நோட்ஸ் வேண்டாம்.