அறுபத்தோராம் நாள் காலை

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். என் கணவர் ஒரு ஜவுளிக் கடையில் பதினொரு வருஷமாகக் கணக்கு எழுதியவர். ஒன்பது லட்சம் கையாடல் செய்துவிட்டார் என்று முதலாளி கொடுத்த புகாரில் மார்ச் 3-ஆம் தேதி ரிமாண்ட் செய்தார்கள். இரண்டு முறை ஜாமீன் மனு தள்ளுபடி ஆகிவிட்டது. 'சார்ஜ் ஷீட் போடட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்கிறார் எங்கள் வக்கீல். இன்றோடு 46 நாள். வேறு வழியே இல்லையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இதழ் அச்சாகி வருவதற்குள் நாள் கடந்துவிடும் என்பதால், கடிதம் கிடைத்த அன்றே உங்களிடம் போனில் பேசிவிட்டேன், சகோதரி. இங்கே எழுதுவது உங்களைப் போலவே சிறை வாசலில் மனு போட்டுக் காத்திருக்கும் மற்றவர்களுக்காக.

வழி இருக்கிறது. குறித்த நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், ஜாமீன் கேட்பது கைதியின் உரிமை. வழக்கு எவ்வளவு பலமானது, தொகை எவ்வளவு என்ற பேச்சே அங்கே எழாது. முன்பு இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167(2). 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187(3). கோர்ட்டில் 'ஸ்டேட்டரி பெயில்' என்போம். ஊழியர் செய்த நம்பிக்கை மோசடிக்கு அதிகபட்சம் ஏழு ஆண்டு தண்டனை என்பதால் உங்கள் கணவருக்குக் கெடு 60 நாள். மரண தண்டனை, ஆயுள் தண்டனை போன்ற பெரிய குற்றங்களுக்கு 90.

எண்ணுவதில்தான் பலர் தவறுகிறார்கள். கைதான நாளை விட்டுவிடுங்கள். நடுவர் (மாஜிஸ்திரேட்) ரிமாண்ட் செய்த நாள், அதாவது காவலில் வைக்க உத்தரவிட்ட நாள்தான் முதல் நாள். அதையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தெளிவாக்கிவிட்டது. உங்கள் கணக்கில் மார்ச்சில் 29 நாள், ஏப்ரலில் 30. அறுபதாவது நாள் மே 1. அன்று விடுமுறை என்பதற்காகப் போலீஸுக்கு ஒரு நாள் கூடிவிடாது. மே 2 காலை கோர்ட் திறக்கும்போது மனு கவுன்ட்டரில் இருக்க வேண்டும்.

ஏன் காலையிலேயே என்கிறேன்? மனு போடுமுன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். மனு முந்திவிட்டால், பிறகு வரும் குற்றப்பத்திரிகை அதைப் பறிக்க முடியாது. சென்னையிலிருந்து போன ரவீந்திரன் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அங்கே மனு காலையில் போனது, குற்றப்பத்திரிகைக்குச் சமமான எதிர்த்தரப்பின் புகார் அன்று மாலைதான் வந்தது.

நான் ஜூனியராக இருந்தபோது லாரி கிளீனர் பையன் ஒருவனின் கேஸ். அறுபதாவது நாள் சனிக்கிழமை. திங்கட்கிழமை போடலாம் என்று இருந்தோம். மனுவை டைப் அடித்து நான் எடுத்துப் போனபோது மணி பதினொன்றரை. குற்றப்பத்திரிகை பத்தே முக்காலுக்கே வந்து சீல் வாங்கியிருந்தது. அவன் அம்மா மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. அந்தப் பையன் இன்னும் நான்கு மாதம் உள்ளே இருந்தான். அன்றிலிருந்து எந்த கேஸ் கட்டு என் கைக்கு வந்தாலும், பின்பக்கம் பென்சிலால் 60, 90 இரண்டு தேதியையும் குறித்த பிறகுதான் உள்ளே படிப்பேன்.

உங்கள் வக்கீலிடம் மூன்று விஷயம் பேசுங்கள். பிரிவு மாற்றி 'ஆல்டரேஷன் ரிப்போர்ட்' ஏதும் போட்டிருக்கிறார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். மதிப்புள்ள ஆவணத்தைப் போலியாகத் தயாரித்தார் என்று சேர்த்துவிட்டால் 60 என்பது 90 ஆகிவிடும். ஜாமீன்தாரர் இருவரை இப்போதே பேசி, வரி ரசீது, ஆதார் நகலோடு தயாராக வையுங்கள். ஆர்டர் கையில் இருந்தும் ஷ்யூரிட்டி இல்லாமல் வாரக்கணக்கில் உள்ளே இருப்பவர்களை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். மூன்றாவது, பணம். 'பாதித் தொகையைக் கட்டு' என்ற நிபந்தனை இந்த வகை ஜாமீனுக்குப் பொருந்தாது. இதே தமிழ்நாட்டு வழக்கொன்றில் எட்டு லட்சம் கட்டச் சொன்ன நிபந்தனையை 2020-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சரவணன் வழக்கு. பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லாதவர்கள் 15100-க்கு அழைக்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவானாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் கொடுத்தாக வேண்டும்.

கேள்வி: செய்தியில் 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று வருகிறது. ஒப்புக்கொண்டவனுக்கும் வக்கீல் வைத்து ஏன் நேரத்தை வீணடிக்கிறீர்கள்?
- ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: ஐயா, யாரிடம் ஒப்புக்கொண்டான்? போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவனுக்கு எதிரான சாட்சியமாக ஏற்கக் கூடாது. இது நம் புதிய சாட்சியச் சட்டத்தின் 23-வது பிரிவு, 1872 சட்டத்தில் 25. அவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அதோடு நேராகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும்.

இரக்கப்பட்டு எழுதிய பிரிவு என்று நினைக்காதீர்கள். சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த கமிஷன் 1855-இல் அறிக்கை கொடுத்தது. வரி வசூலுக்கும் வாக்குமூலத்துக்கும் ஜனங்களை என்ன பாடுபடுத்தினார்கள் என்பது அதில் இருக்கிறது. ஆறே வருஷத்தில், 1861-இல், போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலம் செல்லாது என்று வெள்ளைக்காரன் சட்டமே சொன்னது. அடித்தால் யாரும் எதையும் சொல்வார்கள். அப்போது உண்மையில் திருடியவன் வெளியே நடமாடுவான். உங்கள் வீட்டில் திருடு போனாலும் உங்களுக்கு வேண்டியது அந்த உண்மையான ஆள்தானே?

இந்தியச் சிறைகளில் நான்கில் மூன்று பேர் இன்னும் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். அவர்களைத்தான் நாம் 'குற்றவாளி' என்று அவசரப்பட்டுச் சொல்கிறோம்.

மனப்பூர்வமாக ஒப்புக்கொள்ள விரும்புகிறவனுக்கும் வழி உண்டு. நடுவர் முன்னால், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183-வது பிரிவின்படி. 'நீ இதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகப் பயன்படும்' என்று நடுவர் முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன் என்று அவன் மறுத்தால், அதற்காகவே அவனைத் திரும்பப் போலீஸ் காவலுக்கு அனுப்பவும் கூடாது.