இசைத்தட்டு கேள்வி-பதில்: களத்திலிருந்து மைக்குக்கு

கே: 1975-இல் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னருடன் மோதிய முகமது அலி, சோல் (அமெரிக்கக் கறுப்பர் இசை) பாட்டும் பாடியிருக்கிறாராமே?
– வாசகர், செந்தூல்

ப: பாடியிருக்கிறார். காசியஸ் கிளே என்ற பழைய பெயரில் 1963-இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட தட்டில் பெரும்பாலும் பேச்சும் எதுகைச் சவடாலும்தான். பென் ஈ. கிங்கின் ‘ஸ்டாண்ட் பை மீ’யை அவர் பாடிய 45 (நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் சிறு தட்டு) அடுத்த ஆண்டு வந்தது. ஒருமுறை கேட்கலாம், அவ்வளவுதான். எதிராளி ஜோ ஃபிரேசியர் தேவலை. நாக்கவுட்ஸ் என்று குழுவே வைத்திருந்தவர், மணிலாவில் அலியுடன் மோதிய அதே 1975-இல் வான் மெக்காய் தயாரிப்பில் மோடவுன் இசை நிறுவனத்துக்குப் பாடினார்.

ஆனால் தேட வேண்டிய பெயர் லீ மே. 1964-இல் மில்வாக்கி பிரேவ்ஸ் அணிக்காக 44 ‘டபுள்’ (ஒரே அடியில் இரண்டாம் தளம் வரை ஓடுவது) அடித்து நேஷனல் லீக்கில் முதலிடம் பிடித்த பேஸ்பால் வீரர். மற்றவர்கள் புகழ் வந்தபின் பாட வந்தார்கள். இவரோ பெரிய லீக்கில் கால் வைப்பதற்கு 5 ஆண்டு முன்பே, 1954-இல், கிரவுன்ஸ் குழுவுடன் மாடர்ன் நிறுவனத்துக்குப் பாடிவிட்டார். அந்தத் தட்டுகளில் ‘ஆர்தர் லீ மே’ என்றிருக்கும். ‘எல்’ எழுத்தில் மட்டும் துழாவினால் கைநழுவிப் போகும்.

கே: லோரோங் கூலிட் சந்தையில் அமெரிக்கக் கால்பந்து வீரர் ரோசி கிரியர் பாடிய அமெரிக்க 45 ஒன்று வாங்கினேன். பாட்டு அலைபாய்கிறது, இரைச்சல் வேறு. போலியா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

ப: அலைபாய்வதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. அமெரிக்க 45-இன் நடுத்துளை சுமார் 38 மி.மீ., பிளேயரின் தண்டு 7 மி.மீ. கண்மதிப்பில் வைத்தால் மையம் விலகும். துளையை நிரப்பும் அடாப்டர் வில்லை போட்டுப் பாருங்கள். பிறகும் ஊசிக்கை இடவலமாக ஆடினால் துளையே மையத்தில் இல்லை. மேலும் கீழும் ஏறி இறங்கினால் தட்டு வெயிலில் வளைந்திருக்கிறது.

இரைச்சல் அங்கங்கே படபடவென்று கேட்டால் பூஞ்சை, நம் ஊர் ஈரத்தின் வேலை. 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 2 சொட்டுப் பாத்திரச் சோப்பு கலந்து, மென்துணியால் வரியோடு (ஊசி ஓடும் பள்ளத்தோடு) வட்டமாகத் துடையுங்கள். லேபிள் நனையக்கூடாது. சோப்பில்லாத நீரால் மறுபடி துடைத்து, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். பழைய உறையைத் தூக்கி எறியுங்கள், பூஞ்சை அதிலிருந்துதான் திரும்பும். அந்தக் கால 45 பல ஸ்டைரீன் பிளாஸ்டிக் என்பதால் ஆல்கஹால் வேண்டாம். பாடகர் குரலை உயர்த்தும்போதெல்லாம் கரகரத்தால் வரி தேய்ந்துவிட்டது, கழுவிப் பயனில்லை.

போலியா என்பதற்கு, லேபிளுக்கும் பாட்டு வரிகளுக்கும் இடையிலுள்ள வெற்று வளையத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். அங்குள்ள எண் லேபிள் எண்ணோடு ஒத்துப்போகாமல், லேபிள் எழுத்தும் மங்கலாக இருந்தால் சந்தேகப்படுங்கள். வட இங்கிலாந்து நடன அரங்குகளில் இத்தகைய பாட்டுகளுக்கு மவுசு ஏறிய 1970-களில் கள்ள அச்சும் பெருகியது.

கே: வேட்டையாடாமல் கிடைக்கும் இப்படிப்பட்ட தட்டு ஏதும் உண்டா?
– வாசகர், கிள்ளான் சாலை

ப: மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’, 1971. தொடக்கத்தில் வரும் அரட்டைக் குரல்களில் டெட்ராய்ட் லயன்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணி ஆட்டக்காரர்கள் மெல் ஃபார், லெம் பார்னி இருவரும் உண்டு.