அந்த வெள்ளை அட்டையை உடைக்காதீர்கள்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகனுக்கு 20 வயது. தெரிந்தவர் ஒருவர் கொடுத்த கார்டை வைத்து ஏ.டி.எம்.மில் மூன்று முறை பணம் எடுத்துக் கொடுத்து, கமிஷன் வாங்கியிருக்கிறான். கார்டில் பெயரும் இல்லை, வங்கியின் பெயரும் இல்லை. வெறும் வெள்ளை அட்டை. பின் நம்பரை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். "நான் யாரிடமும் திருடவில்லையே" என்கிறான். கார்டு எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. உடைத்துப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. தடயத்தை அழிப்பதே பல நாடுகளில் தனிக் குற்றம்.

எந்த வங்கியும் அப்படி ஓர் அட்டையைத் தருவதில்லை. ஏ.டி.எம்.மில் கார்டு செருகும் வாயின் மேல் மெல்லிய கருவியைப் பொருத்தி, காந்தப் பட்டையில் இருப்பதைத் திருடுவார்கள். பின் நம்பரை அழுத்தும் விரல்களைக் குட்டிக் கேமரா படம் பிடிக்கும். அப்புறம் அந்த விவரத்தை வெற்று அட்டையில் ஏற்றிவிடுவார்கள். அந்த ஸ்டிக்கரில் இருப்பது யாரோ ஒருவருடைய ரகசிய எண்.

"திருடவில்லை" என்ற வாதம் நிற்காது. திருடியது, போலி கார்டு செய்தது, வைத்திருந்தது, பயன்படுத்தியது என்று ஒவ்வொன்றையும் சட்டம் தனித்தனியாகப் பார்க்கிறது. பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு மோசடிச் சட்டத்தில், மோசடிக்கான பொருளை அந்த நோக்கத்தோடு வைத்திருந்தாலே 5 ஆண்டு வரை சிறை; மோசடி செய்தால் 10 ஆண்டு வரை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் போலி கார்டைப் பயன்படுத்தினால் 10 ஆண்டு வரை, அதைச் செய்யும் கருவியை வைத்திருந்தால் 15 ஆண்டு வரை. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஏமாற்றுதல் குற்றமும் சேர்ந்தால் 7 ஆண்டு வரை போகலாம். இலங்கையில் இதற்கென்றே 2006இல் தனிச் சட்டம் வந்தது. பணம் எடுத்த இடம் எதுவோ, பெரும்பாலும் அந்த நாட்டுச் சட்டம்தான்.

பயந்துவிடாதீர்கள், இவை உச்சபட்சத் தண்டனைகள். எவ்வளவு பணம், எத்தனை முறை, முதல் குற்றமா, பணத்தைத் திருப்பித் தந்தானா, விசாரணைக்கு ஒத்துழைத்தானா என்றெல்லாம் நீதிபதி பார்ப்பார். ஆனால் வழக்கின் உயிர், "அவனுக்குத் தெரியுமா?" என்ற கேள்வியில் இருக்கிறது. கமிஷன் வாங்கியது அங்கேதான் இடிக்கும். சொந்தப் பணத்தை எடுத்து வர யாராவது கமிஷன் கொடுப்பார்களா? எனக்குக் கோபமெல்லாம் கார்டைக் கொடுத்த அந்த ஆள் மேல்தான். ஏ.டி.எம். கேமராவில் பதிந்திருப்பது உங்கள் பிள்ளையின் முகம், அவருடையது இல்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. கார்டை ஒரு உறையில் போட்டு வையுங்கள். அந்த ஆளிடம் திருப்பித் தர வேண்டாம், போனில் சண்டையும் வேண்டாம். அவர் அனுப்பிய மெசேஜ் எதையும் மகன் அழிக்கக் கூடாது. அவனை ஏவியவர் யார் என்பதற்கு அதுதான் சான்று. மிச்சமிருக்கும் கமிஷனைத் தொடாதீர்கள். நாளைக்கே ஒரு குற்றவியல் வழக்கறிஞரைப் பார்த்து, மூன்று முறையையும் ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள். போலீசிடம் அவரோடு போங்கள், மகனைத் தனியாக அனுப்பாதீர்கள்.