ஜென்னி லிண்ட் ஆலயத்துக்கு ஏன் கோபுரம் இல்லை?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஆண்டோவர் என்ற சிற்றூரில் இருக்கும், லுத்தரன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் ஆலயத்தைத்தான் கேட்கிறீர்கள். ஸ்வீடனிலிருந்து 1849-இல் குடியேறிய போதகர் லார்ஸ் பால் எஸ்பியோர்ன், மறு ஆண்டு பத்தே பேருடன் இந்தச் சபையைத் தொடங்கினார். கையில் காசில்லை. கிழக்கு மாநிலங்களில் நன்கொடை கேட்டு அலைந்தார். அப்போது அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்ட் 1,500 டாலர் கொடுத்தார். அன்று அது பெருந்தொகை. பெயரும் அப்படித்தான் வந்தது.

கட்டுமானம் நடக்கும்போதே காலரா புகுந்தது. ஆலயத்தின் நிலவறை, நோயுற்ற குடியேறிகளின் மருத்துவமனையானது. கோபுரத்துக்கென வைத்திருந்த மரம் சவப்பெட்டிகளுக்குப் போய்விட்டது. 1854-இல் கட்டடம் முடிந்தது. கூட்டம் பெருகியதால் பின்னர் அருகிலேயே பெரிய ஆலயம் கட்டினார்கள். பழையதற்குக் கோபுரம் வைக்கவே இல்லை.